நரம்புத் தளர்ச்சி என்று நீங்களே பெயர் வைக்காதீர்கள்

நெஞ்சு படபடக்கிறது. உள்ளங்கை வியர்க்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்புத் தட்டினால் அதோடு தூக்கம் போயிற்று. உடனே 'நரம்புத் தளர்ச்சி' என்று நாமே முடிவுகட்டி, கைப்பேசி விளம்பரத்தில் கண்ட அஸ்வகந்தா மாத்திரையை வரவழைத்துவிடுகிறோம். நாட்டு மருந்துதானே, என்ன செய்துவிடப்போகிறது என்ற தைரியம்.

அஸ்வகந்தா என்பது நம் நாட்டு மருந்துக் கடை அமுக்கராக் கிழங்குதான். பதற்றத்தை ஓரளவு தணிப்பதாகச் சில சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் அது தைராய்டு சுரப்பைக் கூட்டவும் கூடும். தைராய்டு அதிகம் சுரந்தாலும் இதே படபடப்பும் வியர்வையும்தான் வரும். ரத்தப் பரிசோதனை செய்யாமல் விழுங்கினால் எரிகிற கொள்ளியில் எண்ணெய் வார்த்த கதை. சிலருக்குக் கல்லீரலும் பாதிக்கப்பட்டிருக்கிறது. டென்மார்க் 2023இல் அதைத் தடையே செய்தது. கர்ப்பிணிகள் தொடக் கூடாது.

ஆயுர்வேதம் இந்தப் பதற்றத்தைச் சித்தோத்வேகம் என்கிறது. அதற்குப் புட்டி மருந்து மட்டுமே வழி என்று அது சொல்லவில்லை. சரகர் வகுத்த சிகிச்சை மூன்றில் ஒன்றான சத்வாவஜயம், கெடுக்கும் நினைப்புகளிலிருந்து மனத்தை மீட்பது. தேர்ந்த வைத்தியர் உங்கள் தூக்கம், சாப்பாடு, வேலை, வீட்டுக் கவலை எல்லாம் கேட்பார். எண்ணெய்த் தேய்ப்பும், நெற்றியில் எண்ணெய் ஒழுகவிடும் சிரோதாராவும், மருந்தும் பிறகுதான். ஐந்து நிமிடத்தில் டப்பாவை நீட்டுகிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயியலில் பட்ட மேற்படிப்பு முடித்த ஆயுர்வேத மருத்துவரையும், சிறப்பு மருத்துவம் படித்த சித்த மருத்துவரையும் மனநல வல்லுநராக ஏற்கிறது. ஆகவே அவர்களை நாடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை; படிப்பையும் பதிவு எண்ணையும் தயங்காமல் கேளுங்கள். உடல்நோய்க்குத் தருவது போலவே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்பதும் அதே சட்டம்தான்.

மருந்து வாங்கினால் லேபிளில் உரிம எண், தொகுதி எண், சேர்மானப் பட்டியல் இருக்கிறதா என்று பாருங்கள். பாதரசம், லிங்கம் என்னும் பாதரசத் தாது, எட்டி போன்றவை சேர்ந்த உள்மருந்தில், மருத்துவர் மேற்பார்வையில்தான் உட்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கை கட்டாயம். பாஸ்டன் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளில் 14இல் ஈயம், பாதரசம் அல்லது ஆர்செனிக் இருந்ததாக 2004இல் ஓர் ஆய்வு வெளியானது.

இன்னொன்று. நரம்புத் தளர்ச்சியைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதே 1954ஆம் ஆண்டின் மருந்துகள், மாய மருந்துகள் சட்டப்படி குற்றம். லாட்ஜில் அறை எடுத்து வைத்தியம் பார்ப்பவர்கள் சுவரெல்லாம் ஒட்டுவது அதைத்தான்! ஏமாந்திருந்தால் ரசீதையும் டப்பாவையும் பத்திரப்படுத்தி, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் முறையிடலாம். நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம்.

மனநல மாத்திரை ஏற்கெனவே சாப்பிடுகிறவர்கள் அதைத் தாங்களாக நிறுத்த வேண்டாம். சில மாத்திரைகளைத் திடீரென விட்டால் வலிப்பே வரக்கூடும். மனநல மருத்துவர், ஆயுர்வேத மருத்துவர் இருவரிடமும் இரண்டு மருந்துகளையும் காட்டுங்கள். யாரிடம் போவதென்றே தெரியாவிட்டால் 14416ஐ அழையுங்கள்; டெலி மானஸ் சேவைக்குக் கட்டணம் கிடையாது.