மின்பொறியியல் மேற்படிப்பு: எந்தப் பிரிவு?

ட்ரிபிள் இ முடித்து எம்.இ. சேர நினைப்பவர் முதலில் விசாரிப்பது, இப்போது எதற்கு மவுசு என்பதைத்தான். படிப்பு இரண்டு வருஷம். அதை வைத்துப் பிழைக்கப்போவதோ முப்பது வருஷம். 2000-ல் ஒளியிழைத் தகவல்தொடர்புக்கு உலகெங்கும் இருந்த கிராக்கி அடுத்த ஆண்டே சரிந்தது. அந்தத் துறையில் கொடிகட்டிப் பறந்த கனடாவின் நார்டெல் 2009-ல் திவாலானது. இத்தனைக்கும் ஒளியிழை வீணாகிவிடவில்லை, இன்றைய இணையமே அதில்தான் ஓடுகிறது. சந்தை விழுந்த ஆண்டில் பட்டம் வாங்கியவருக்கு மட்டும் அது கைகொடுக்கவில்லை. ஆகவே, சம்பளத்தைவிட, எளிதில் தீராத சிக்கல் எந்தத் துறையில் இருக்கிறது என்று பார்ப்பது மேல்.

அப்படிப் பார்த்தால் நான் பவர் எலக்ட்ரானிக்ஸைத்தான் சொல்வேன். அனல், புனல் மின்நிலையங்களில் பல டன் எடையுள்ள சுழலிகள் ஓடுகின்றன. எங்கோ ஒரு நிலையம் திடீரென நின்றாலும், குயவர் கையெடுத்த பின்னும் சுற்றும் சக்கரம்போல இவை சில நொடி தாக்குப்பிடித்து, 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண் சட்டென்று விழாமல் காக்கும். சோலார் பேனலில் சுழல எதுவுமில்லை. அங்கே எல்லாப் பொறுப்பும் இன்வெர்ட்டருக்குத்தான். கமுதியின் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் அப்படித்தான் கிரிட்டோடு இணைகிறது. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து நம் புகளூருக்கு 6,000 மெகாவாட் வரை கொண்டுவரும் 800 கிலோவோல்ட் நேர்மின்னோட்டத் தடமும் இரு முனையிலும் கன்வெர்ட்டர் இல்லாமல் இயங்காது. 2025 ஏப்ரல் 28 அன்று ஸ்பெயினும் போர்ச்சுகலும் இருண்டதற்கு, எகிறிய வோல்டேஜைக் கட்டுப்படுத்த முடியாமல் போனதே காரணம் என்று விசாரணை சொன்னது. பழியைச் சோலார்மேல் மட்டும் போட முடியாது. ஆனால் சுழலிகள் செய்துவந்த காவல் வேலையை இன்வெர்ட்டர்களைச் செய்யவைப்பது எப்படி என்பதற்கு இன்னும் முழு விடை கிடைக்கவில்லை.

வி.எல்.எஸ்.ஐ. படித்தால் தொடக்கச் சம்பளம் கூடுதலாமே என்பார்கள். பெரும்பாலும் உண்மைதான், சிப் வடிவமைப்பில் மனம் லயிப்பவர் தயங்காமல் அங்கே போகலாம். ஆனால் இரண்டுக்கும் நடுவே சுவர் ஒன்றும் இல்லை. டெஸ்லா மாடல் 3 காரின் இன்வெர்ட்டரில் இருப்பது சிலிக்கன் கார்பைடு டிரான்சிஸ்டர். அதைப் புரிந்துகொள்ள இரண்டு பாடமும் வேண்டும். மின்வாரியத்தில் ஆள் எடுப்பதில்லையே என்பது வாரியத்தை மட்டும் நம்பியிருந்த காலத்துப் பயம். மின்வாகனம், காற்றாலை, டேட்டா சென்டர் யு.பி.எஸ். என்று இந்தப் படிப்புக்கு இன்று வாசல்கள் பல. எனக்குப் பெரிதாகத் தெரியும் குறை வேறு: சில கல்லூரிகளில் எம்.இ. ப்ராஜெக்ட் கணினி சிமுலேஷனோடு முடிந்துவிடுகிறது. சேருமுன் ஆய்வகத்தை எட்டிப் பார்த்து, மாணவர் தாமே சாலிடர் வைத்துக் கட்டிய கன்வெர்ட்டர் ஒன்றாவது ஓடுகிறதா, அதில் எத்தனை எம்.ஓ.எஸ்.ஃபெட் எரிந்தது என்று சீனியர்களிடம் கேட்பது நல்லது.