காலுக்குள் ஒரு அடி பம்பு

ஆக்லாந்தில் மவுண்ட் ராஸ்கில், சாண்ட்ரிங்ஹாம் பக்கத்துத் தமிழ் வீடுகளில், ஊருக்கு டிக்கெட் போடும் நேரம் வந்தால் இந்தப் பேச்சும் கூடவே வந்துவிடும். பேரப்பிள்ளையைப் பார்க்க வந்த அம்மா திரும்பிப் போக வேண்டும். சிங்கப்பூருக்குப் பத்தரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அங்கே காத்திருந்து, சென்னைக்கு இன்னும் நான்கு மணி நேரம். "அம்மாவுக்கு மட்டும் பிரீமியம் எகானமி போட்டுடலாமா? ரொம்ப நேரம் உட்கார்ந்தா கால்ல ரத்தம் கட்டிக்குமாமே" என்பார் மகள். "எனக்கெதுக்குடி அவ்வளவு காசு" என்பார் அம்மா.

இருவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் மகள் கேட்பது ஒரே கேள்வி அல்ல. வசதி ஒன்று, ரத்தக்கட்டி இன்னொன்று.

வசதியில் சந்தேகமே இல்லை. சாதாரண எகானமியில் ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் இடையே 31, 32 அங்குலம் கிடைக்கும். பிரீமியம் எகானமியில் அது 38 முதல் 41 வரை போகிறது. ஏர் நியூசிலாந்தின் போயிங் 787-9 விமானத்தில் எகானமியில் ஒரு வரிசைக்கு ஒன்பது பேர், பிரீமியத்தில் 2-3-2 என ஏழு பேர். தோள் உரசாது, முழங்கால் இடிக்காது, கண்ணயரலாம். அதற்காக வாங்குகிறவர்கள் தயங்காமல் வாங்கலாம். பெரிய சீட் ரத்தக்கட்டியைத் தடுக்கும் என்று நம்பி வாங்குவதாக இருந்தால் மட்டும், பணம் கட்டுமுன் நியூசிலாந்திலேயே நடந்த ஓர் ஆய்வைப் பார்த்துவிடுவது நல்லது.

2003ல் 'லான்செட்' இதழில் வெளிவந்த ஆய்வு அது. குறைந்தது பத்து மணி நேரம் பறந்த 878 பயணிகளை ஆய்வாளர்கள் தொடர்ந்து கவனித்தார்கள். நியூசிலாந்திலிருந்து எங்கே போனாலும் தூரம் என்பதால், போக வர அவர்கள் பறந்த நேரம் சராசரியாக 39 மணி. ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் செய்து தேடியதில் 9 பேருக்கு ரத்தக்கட்டி இருந்தது. அதில் நால்வருக்குக் கட்டி நுரையீரல் வரை போயிருந்தது. அந்த 9 பேரில் இருவர் போகும்போதும் வரும்போதும் பிசினஸ் கிளாஸில் மட்டுமே பறந்தவர்கள்.

இரண்டு பேரை வைத்துச் சட்டம் எழுத முடியாது. பறக்காதவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை என்ற குறையும் அந்த ஆய்வுக்கு உண்டு. ஆனாலும் 'எகானமி கிளாஸ் சிண்ட்ரோம்' என்று 1977 முதல் புழங்கும் பெயர் எவ்வளவு பெரிய தப்பெண்ணத்தை விதைத்திருக்கிறது என்பதை அந்த இருவரும் காட்டிவிடுகிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2007ல் சொன்ன கணக்கும் இதையே உறுதிசெய்கிறது. நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் பயணம் செய்தால் ரத்தக்கட்டி வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காகும். விமானம் மட்டுமல்ல, கார், பஸ், ரயில் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். இரு மடங்கானாலும் ஆரோக்கியமானவர்களில் சுமார் 6,000 பேருக்கு ஒருவர்தான். அம்மா பயந்து நடுங்க வேண்டியதில்லை.

அப்படியானால் காலுக்குள் நடப்பது என்ன? இந்த விஷயத்தில் அழகானது அதுதான்.

இதயம் ரத்தத்தைக் கீழே தள்ளிவிடும். பாதம் வரை போய், நுண்குழாய்களுக்குள் நுழைந்து வெளியே வருவதற்குள் அந்தத் தள்ளுவிசை பெரும்பாலும் தீர்ந்துவிடும். திரும்பி மேலே ஏற, கெண்டைக்கால் சதை வேண்டும். ஊர்த் தெருமுனை அடி பம்பு எப்படி வேலை செய்கிறதோ, அப்படியே இதுவும். கெண்டைக்கால் சதை இறுகும்போது அதற்குள் ஓடும் ஆழமான ரத்தக்குழாய்கள் பிழியப்படுகின்றன. ரத்தம் மேலே பாய்கிறது. சதை தளரும்போது அது கீழே விழாமல் குழாய்க்குள் இருக்கும் வால்வுகள் மூடிக்கொள்கின்றன. பம்புக்குள் இருக்கும் தோல் வாசருக்கும் அதே வேலைதான். காலியான இடத்துக்குப் பாதத்திலிருந்து புது ரத்தம் ஏறுகிறது. அடுத்த அடி, அடுத்த குடம்.

பம்பின் கைப்பிடி கணுக்கால். பாதத்தைத் தரையில் ஊன்றிக் குதிகாலைத் தூக்கினால் ஓர் அடி. பழைய பம்புகளில் முதலில் ஒரு சொம்பு தண்ணீரை மேலே ஊற்றித்தான் அடிக்கத் தொடங்குவார்கள். உள்ளங்காலுக்கும் ஏறக்குறைய அந்த வேலை. பாதம் தரையில் அழுந்தும்போது உள்ளங்காலின் ரத்தக்குழாய்கள் நசுங்கி, இருந்த ரத்தத்தைக் கெண்டைக்காலுக்கு ஏற்றிவிடுகின்றன. வாசர் தேய்ந்த பம்பில் எவ்வளவு அடித்தாலும் பாதித் தண்ணீர் கீழேயே இறங்கிவிடும். வெரிகோஸ் வந்த காலில் நடப்பதும் அதுவே. ஒரு நாள் யாரும் தொடாத இரும்புப் பம்பில் மறுநாள் முதல் குடம் செம்பழுப்பாக வரும். வால்வுகளிலும் அப்படியொரு தேக்கம் உண்டு. ஒவ்வொரு வால்வு இதழின் பின்னாலும் ஒரு சிறு பை இருக்கிறது. ரத்தம் ஓடும்போது எழும் சுழல் அந்தப் பையை அலசிவிடும். ஓட்டம் நின்றால் பைக்குள் இருக்கும் ரத்தம் அங்கேயே கிடக்கும், அதன் ஆக்சிஜன் குறையும், குழாயின் உட்சுவர் முகம் மாறும். காலில் உண்டாகும் கட்டி பெரும்பாலும் இந்தப் பையில்தான் முளைவிடுகிறது.

பம்பின் பலத்தை எண்ணிலும் பார்க்கலாம். அசையாமல் நிற்பவரின் பாதத்து ரத்தக்குழாயில் அழுத்தம் சுமார் 90 மில்லிமீட்டர் பாதரசம். அவர் பத்தடி நடந்தால் அது 30க்கும் கீழே இறங்கும்.

வால்வுகளை வீட்டிலேயே பார்க்கலாம். மெலிந்த தாத்தாவின் முன்கையில் புடைத்த நரம்பைப் போலத் தெரியும் ரத்தக்குழாயை ஒரு விரலால் அழுத்திப் பிடித்து, இன்னொரு விரலால் அங்கிருந்து முழங்கைப் பக்கமாக வழித்துவிட்டால் அந்தத் துண்டு காலியாகித் தட்டையாகும். மேலிருந்து ரத்தம் திரும்பி வராது. பிடித்த விரலை எடுத்த நொடியில் கீழிருந்து நிரம்பும். வில்லியம் ஹார்வி 1628ல் தன் நூலில் படம் போட்டுக் காட்டிய சோதனை இது. அவருடைய ஆசிரியர் ஃபாப்ரிசியஸ் 1603லேயே இந்த வால்வுகளைக் குட்டிக் கதவுகள் என்று விவரித்திருந்தார். ரத்தம் காலில் போய்த் தேங்காமல் தடுக்கவே அவை இருக்கின்றன என்று எண்ணி, ஓடும் திசையைத் தலைகீழாகப் புரிந்துகொண்டார். வரலாறு இந்த அளவுக்குப் போதும்.

இல்லை, 1940ஐ விட முடியாது. லண்டன் மீது ஜெர்மனி குண்டு பொழிந்த மாதங்களில் மக்கள் இரவெல்லாம் பதுங்குமிடங்களில் சாய்வு நாற்காலிகளில் உட்கார்ந்தபடியே தூங்கினார்கள். நம் வீட்டுத் துணி ஈசிசேர் போன்றவை அவை. அந்த இலையுதிர் காலத்தில், நுரையீரலில் ரத்தக்கட்டி அடைத்து இறந்தவர்கள் முந்தைய ஆண்டைவிட ஆறு மடங்காகியிருந்ததைப் பிணக்கூறு மருத்துவர் கீத் சிம்ப்சன் கவனித்தார். குற்றவாளி நாற்காலியின் முன்பக்கக் கட்டை. தொடையின் பின்புறத்தை அது மணிக்கணக்கில் அழுத்தியிருந்தது. சீட் எவ்வளவு அகலம் என்று யாரும் கேட்கவில்லை. அடுக்குப் படுக்கைகள் போட வேண்டும் என்பதே அன்று முன்வந்த தீர்வு.

எண்பது ஆண்டுகள் கழித்து, 2020 பிப்ரவரியில், ஆக்லாந்தைத் தலைமையிடமாகக் கொண்ட ஏர் நியூசிலாந்தும் அடுக்குப் படுக்கையைப் பற்றித்தான் அறிவித்தது. 'ஸ்கைநெஸ்ட்' என்ற அந்தத் திட்டத்தில் ஆறு படுக்கைகள். எகானமிப் பயணிகள் நான்கு மணி நேரம் வாடகைக்கு எடுத்துக் காலை நீட்டிப் படுக்கலாம். 2022 செப்டம்பரில் தொடங்கிய ஆக்லாந்து–நியூயார்க் நேரடிப் பயணம் 14,000 கிலோமீட்டருக்கு மேல். போக 16 மணி நேரம், வர அதைவிட அதிகம். அந்தத் தூரத்துக்குப் படுக்கை என்ற யோசனையில் உடலியல் நியாயம் இருக்கிறது. படுத்துவிட்டால் பாதமும் இதயமும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடும். ஆழக் கிணறு மேட்டு வாய்க்காலாக மாறியது போல, இறைக்க வேண்டிய உயரமே இல்லை.

பிரீமியம் எகானமியின் சாய்வு இந்தக் கணக்கில் எங்கே நிற்கிறது? உட்கார்ந்தவரின் இதயத்துக்கும் கணுக்காலுக்கும் இடையே உயரம் சுமார் 80 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். முதுகை இன்னும் இருபது டிகிரி சாய்த்தால் மார்பு ஐந்தாறு சென்டிமீட்டர் இறங்கும், அவ்வளவுதான். கிணற்றில் ஒரு படி குறைந்த மாதிரி. விளம்பரங்கள் சாய்வைப் பெரிதாகக் காட்டுகின்றன. காலுக்கு உதவுவது கெண்டைக்காலைத் தாங்கித் தூக்கும் பலகையும் பாதத்தை ஊன்றும் கட்டையும். சீட் தேர்ந்தெடுக்கும்போது இவை இரண்டும் இருக்கின்றனவா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

பாதம் ஊன்றுவது நம்மவர்களுக்கு இன்னும் முக்கியம். நெதர்லாந்தில் நடந்த பெரிய ஆய்வொன்றில், விமானப் பயணத்தில் ரத்தக்கட்டி வரும் வாய்ப்பு 190 சென்டிமீட்டருக்கு மேல் உயரமானவர்களுக்குக் கூடியது. 160க்குக் குறைவானவர்களுக்கும் கூடியது. உயரமானவர்களின் சிக்கல் இடம் போதாமை. அதைப் பிரீமியம் எகானமி தீர்க்கலாம். குள்ளமானவர்களுக்குச் சிக்கல் நேர் எதிரானது. 150 சென்டிமீட்டர் உயரமுள்ள அம்மாவின் முழங்கால் மடிப்பு தரையிலிருந்து 38 சென்டிமீட்டர் வாக்கில் இருக்கும். விமான சீட்டின் விளிம்போ 40ஐத் தாண்டும். குதிகால் அந்தரத்தில் தொங்கும், விளிம்பு தொடைக்கடியில் அழுத்தும். 1940ன் நாற்காலிக் கட்டை மெத்தை போர்த்திக்கொண்டு வந்தது போல. கால் தரையில் படாமல் தொங்கினால் ரத்த ஓட்டம் இன்னும் குறைகிறது என்று சிட்னி ஆய்வாளர்கள் 2007ல் அளந்து காட்டினார்கள். அதிகப் பணம் கொடுத்து வாங்கும் அகல சீட் விளிம்பைத் தாழ்த்தித் தராது.

அடுத்தது ஜன்னல். அதே நெதர்லாந்துக் குழுவின் இன்னொரு ஆய்வில், ஜன்னலோரம் உட்கார்ந்தவர்களுக்கு வாய்ப்பு நடைபாதையோரத்தவர்களைவிட இரு மடங்கு. உடல் பருமன் உள்ளவர்களுக்கு அதையும்விட அதிகம். காரணம் ஊகிக்கக் கூடியதுதான். பக்கத்தில் தூங்குபவரை எழுப்பத் தயங்கி ஏழு மணி நேரம் உட்கார்ந்திருக்கும் அம்மாக்கள் நிறைய. 2-3-2 அமைப்பில் ஜன்னல் பக்கத்து இரட்டை சீட் அழகாகத்தான் தெரியும். தனியாகப் பயணம் செய்யும் அம்மாவுக்கு அதில் நடைபாதைப் பக்கத்து இடத்தையே எடுக்க வேண்டும். முதல் வரிசை சீட்டையும் யோசித்துத்தான் எடுக்க வேண்டும். எதிரே சீட் இல்லாததால் பையைக் காலருகே வைக்க விடமாட்டார்கள். சாப்பாட்டுப் பலகை கைப்பிடிக்குள் மடிந்திருப்பதால் உட்காரும் இடமும் சற்றுக் குறுகும்.

புதிய விமானங்களில் உள்ளே காற்றழுத்தம் 6,000 அடி உயரத்துக்குச் சமம், மற்றவற்றில் 8,000 அடி வரை என்றொரு பெருமை உண்டு. தலைவலிக்கும் களைப்புக்கும் அது உதவலாம். ரத்தக்கட்டிக்கு அதனால் பலன் என்று சொல்ல ஆதாரம் இல்லை. 2006ல் ஆரோக்கியமான 73 பேரைக் குறைந்த அழுத்த அறையில் எட்டு மணி நேரம் உட்கார வைத்துப் பார்த்தபோது, அழுத்தக் குறைவால் ரத்தம் உறையும் தன்மை கூடவில்லை. வெறுமனே உட்கார்ந்திருப்பதுதான் தொல்லை. நியூசிலாந்து மருத்துவர்கள் 2003ல் பதிவுசெய்த 32 வயது இளைஞருக்குக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து உட்கார்ந்தே நுரையீரல் வரை கட்டி போயிருந்தது.

உறுதியான ஆதாரம் இருப்பது சில நூறு ரூபாய்ப் பொருளுக்கு. முழங்கால் வரை இறுக்கிப் பிடிக்கும் மருத்துவக் காலுறை. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், நீண்ட பயணத்துக்குப் பின் ஸ்கேனில் தெரிந்த சத்தமில்லாத ரத்தக்கட்டிகள் 50. அதில் காலுறை போட்டிருந்தவர்கள் 3 பேர், போடாதவர்கள் 47 பேர். முன்பே கட்டி வந்தவர்கள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், அண்மையில் அறுவை சிகிச்சை செய்தவர்கள் டிக்கெட் போடுமுன் மருத்துவரைக் கேட்க வேண்டும். ஊருக்குப் போய்ச் சில வாரங்கள் வரை ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அம்மாவின் டிக்கெட் எந்த வகுப்பில் என்பதை அந்த வீட்டின் பட்ஜெட் முடிவு செய்யட்டும். எந்த வகுப்பானாலும் நடைபாதையோர சீட். விமானம் மேலே ஏறி பெல்ட் விளக்கு அணைந்ததும், முன்சீட்டுக்கு அடியில் வைத்த கைப்பையை இழுத்து, செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு பாதங்களையும் அதன் மேல் ஊன்றிக்கொள்ளலாம். குதிகாலைத் தூக்கி இறக்கலாம். கெண்டைக்காலில் கை வைத்தால் சதை கல்லாக இறுகித் தளர்வது தெரியும்.