4 குதிரைகள் தேடித் தந்த புகழ்!

1924-ம் ஆண்டு. அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தைச் சேர்ந்த சவுத் பெண்ட் நகரம்.

நான்கு கால்பந்து வீரர்கள், ஆட்ட உடையிலேயே நான்கு குதிரைகள் மீது ஏறி உட்கார்ந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு பந்து. படம் எடுக்கப்பட்டது. நாடு முழுவதும் பத்திரிகைகளில் வெளிவந்தது.

கால்பந்துக்கும் குதிரைக்கும் என்ன சம்பந்தம்?

அமெரிக்கக் கால்பந்து நமக்குத் தெரிந்த கால்பந்து அல்ல. பந்து முட்டை வடிவத்தில் இருக்கும். அதைக் கையில் ஏந்தி ஓடுவார்கள், வீசி எறிவார்கள், எதிரியை மோதித் தள்ளுவார்கள். கல்லூரிப் போட்டிகளுக்கே அங்கு பெருங்கூட்டம் கூடும்.

அந்த நால்வரின் கல்லூரி நோட்டர் டேம். பயிற்சியாளர், நூட் ராக்னே.

தபால் ஊழியர்

ராக்னே 1888-ல் நார்வே நாட்டில் பிறந்தார். 5 வயதில் சிகாகோ வந்தார். தபால் ஆபீசில் வேலை பார்த்துப் பணம் சேர்த்து, 22-வது வயதில்தான் நோட்டர் டேமில் சேர்ந்தார். படித்து முடித்ததும் அங்கேயே ரசாயனம் கற்பித்தார். 1918-ல் தலைமைப் பயிற்சியாளர் ஆனார்.

அது கத்தோலிக்கப் பாதிரியார்கள் நடத்திய கல்லூரி. சுற்றுவட்டாரத்துப் பெரிய பல்கலைக்கழகங்கள் தங்கள் போட்டிச் சங்கத்தில் அதைச் சேர்க்க மறுத்தன. ராக்னே கலங்கவில்லை. வீரர்களுடன் ரெயில் ஏறினார். நியூயார்க் வரை போய் ஆடினார். பெரிய பத்திரிகைகள் இருந்த ஊர் அது!

நிருபர்களின் நண்பர்

ராக்னே நிருபர்களை வெறுங்கையுடன் அனுப்பமாட்டார். செய்தி தருவார், சிரிக்க வைப்பார். பத்திரிகைகளுக்குச் செய்தி அனுப்புவதற்கென்றே ஒரு மாணவரை அமர்த்தினார். ஜார்ஜ் ஸ்ட்ரிக்லர் என்ற மாணவர் அந்த வேலையைச் செய்தார்.

1924 அக்டோபர் 18-ந்தேதி, நியூயார்க்கில் ராணுவக் கல்லூரி அணியை நோட்டர் டேம் 13-7 என்று வென்றது. ஆட்ட இடைவேளையில், சினிமாவில் பார்த்த நான்கு குதிரை வீரர்களைப் பற்றி ஸ்ட்ரிக்லர் நிருபர்களிடம் பேசினார். கிராண்ட்லண்ட் ரைஸ் என்ற பிரபல எழுத்தாளர், நோட்டர் டேம் வீரர்கள் நால்வருக்கும் அந்தப் பெயரையே சூட்டி எழுதிவிட்டார். ஸ்ட்ரிக்லர் சும்மா இருப்பாரா? நிஜக் குதிரைகளையே ஏற்பாடு செய்தார்!

ஒரு குறையும் உண்டு. ராக்னே, விளையாட்டு நிருபர்கள் சிலரையே போட்டிகளுக்கு நடுவர்களாக அமர்த்தினார். அதற்குக் கூலியும் உண்டு. கூலி வாங்கிய கை குறை எழுதுமா?

பையன்கள் வந்த வழி

புகழ் பரவியது. பையன்கள் வந்தார்கள். பழைய மாணவர்கள் ஊர் ஊராகப் பயிற்சியாளர்களாக இருந்தனர். நன்றாக ஆடும் பையனைக் கண்டால் ராக்னேவுக்குத் தகவல் கொடுத்தனர். நோட்டர் டேமைக் கண்ணால் பார்த்திராத கத்தோலிக்கக் குடும்பங்கள்கூட அதைத் தங்கள் கல்லூரியாகவே நினைத்தன.

ராக்னேயின் பேச்சில் உண்மையும் கதையும் கலந்திருக்கும். 1922-ல், தன் சின்ன மகன் ஆஸ்பத்திரியில் கிடப்பதாகவும், வெற்றிச் செய்திக்காகக் காத்திருப்பதாகவும் வீரர்களிடம் உருக்கமாகச் சொன்னாராம். வீரர்கள் வென்று ஊர் திரும்பினர். ரெயில் நிலையத்தில் அந்தப் பையன் துள்ளிக் குதித்துக்கொண்டிருந்தானாம்!

எச்சரிக்கை

13 ஆண்டுகளில் 105 வெற்றி, 12 தோல்வி, 5 சமநிலை. இது ராக்னேயின் கணக்கு. 1930-ல் கல்லூரிக்குப் புதிய மைதானமே எழுந்தது. 1931 மார்ச் 31-ந்தேதி விமான விபத்தில் அவர் இறந்தார். வயது 43.

கல்லூரி விளையாட்டை ஆராய்ந்த கார்னகி நிறுவனம், 1929-லேயே ஓர் எச்சரிக்கை விடுத்தது. ஆட்டத்துக்காகப் பையன்களை வலைவீசிப் பிடிப்பதும் பணம் கொடுப்பதும் படிப்பைக் கெடுக்கின்றன என்று அது கண்டித்தது.

காலம் மாறிவிட்டது. கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்க 2021-ல் அனுமதி கிடைத்தது. ஆனாலும் பெற்றோர் கேட்க வேண்டிய கேள்வி மாறவில்லை.

மைதானத்தைப் பற்றிப் பேசுகிற பயிற்சியாளர், வகுப்பறையைப் பற்றியும் பேசுகிறாரா? கைதட்டல் ஓய்ந்தபின் பையனுக்குச் சோறு போடப்போவது படிப்புதானே!