போதகரைக் குறித்த சான்றுகளை நிறுத்துப் பார்த்தல்

சபை மக்கள் தம் ஆயரிடம் கொண்டுவரும் கேள்விகள் காலந்தோறும் மாறுகின்றன. முன்னர், ஊருக்குப் புதிதாய் வந்து பந்தலிட்டுப் பேசும் சுவிசேஷகரின் கூட்டத்திற்குப் போகலாமா என்று கேட்டனர். இன்று, இணையவழியாகத் திருமறை கற்பிக்கும் ஒருவரிடம் கட்டணம் செலுத்திப் படிக்கலாமா என்று கேட்கின்றனர். கேட்பவர் அந்தப் போதகரை நேரில் கண்டதில்லை, நாமும் கண்டதில்லை. கையில் இருப்பவை, அவரிடம் படித்ததாகச் சொல்லும் முகமறியாத சிலருடைய கருத்துகள் மட்டுமே. அவையும் தெளிவற்றவை, ஒன்றோடொன்று ஒவ்வாதவை. இத்தகைய சான்றுகளைக் கொண்டு ஒரு போதகரின் நம்பகத்தன்மையை எவ்வாறு மதிப்பிடுவது என்பதே நாம் இங்கு ஆராய முற்படும் பொருள்.

சில ஆண்டுகளுக்கு முன், பணி ஓய்வுபெறும் நிலையிலிருந்த ஆசிரியை ஒருவர் ஒரு தாளுடன் நம்மிடம் வந்தார். எபிரெய மொழியை இணையவழி கற்பிக்கும் ஒருவரைப் பற்றிப் பதினொரு பேர் எழுதியிருந்ததை அத்தாளில் அழகாக எழுதி வைத்திருந்தார். ‘வகுப்புகள் மிகுந்த ஆசீர்வாதமாயிருந்தன’ என்றார் ஒருவர். ‘காசு வீண்’ என்றார் மற்றொருவர். ‘பொறுமையானவர்’ என்றும், ‘கேட்டால் பதில் வருவதில்லை’ என்றும் இருவர். ‘ஐயரவர்கள் சொல்லுகிறபடி செய்கிறேன்’ என்று அந்த அம்மையார் கூறினார். நாமோ தாளைச் சரியாகப் படிக்கவுமில்லை. சபையார் ஒருவர் தம் மருமகன் அந்த ஆசிரியரிடம் ஏமாந்துபோனதாக முன்னொரு நாள் சொன்னது நினைவுக்கு வந்தது. ‘வேண்டாம், அம்மா’ என்று சொல்லிவிட்டோம். அவரும் கீழ்ப்படிந்தார். நாம் செய்தது தவறு என்பது பின்னரே விளங்கிற்று. அதைப் பின்னர்ச் சொல்வோம்.

முகமறியாப் போதகரை ஏற்பதா விலக்குவதா என்ற சிக்கல் திருச்சபைக்குப் புதிதன்று. முதல் நூற்றாண்டின் சபைகள் ஊர் ஊராகச் சுற்றிவந்த போதகராலும் தீர்க்கதரிசிகளாலும் வளர்ந்தவை. அவர்களாலேயே தொல்லையும் அடைந்தவை. அக்காலத்து நடைமுறையை நமக்குக் காட்டும் அரிய நூல் ‘திதகே’ எனப்படும் ‘பன்னிரு அப்போஸ்தலரின் போதனை’. 1056ஆம் ஆண்டில் எழுதி முடிக்கப்பட்ட கையெழுத்துப் படி ஒன்றில் இந்நூல் அடங்கியிருப்பதை 1873இல் கான்ஸ்டான்டிநோபிளில் பிலோத்தேயு பிரையென்னியு என்னும் கிரேக்கத் திருச்சபைத் தலைவர் கண்டறிந்து, 1883இல் பதிப்பித்தார். முதல் நூற்றாண்டின் இறுதியிலோ இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ இந்நூல் தோன்றியிருக்க வேண்டும் என்பது அறிஞர் பெரும்பாலோர் கருத்து.

இந்நூலின் பதினோராம் அதிகாரத்தைப் படிப்போர்க்கு முதலில் வியப்பே உண்டாகும். வந்த போதகரின் பேச்சு உள்ளத்தை உருக்கிற்றா என்று அது கேட்கவில்லை. அவர் எத்தனை நாள் தங்கினார் என்று கேட்கிறது! ஒரு நாள் தங்கலாம். தேவையாயின் இரண்டாம் நாளும் தங்கலாம். மூன்று நாள் தங்குபவன் கள்ளன். புறப்படும்போது அடுத்த தங்குமிடம் வரைக்குமான அப்பத்தை வாங்கிச் செல்லலாம். பணம் கேட்பவன் கள்ளன். ஆவியில் பேசுவதாகச் சொல்லிப் பந்தி ஆயத்தம்பண்ணக் கட்டளையிட்டுத் தானே அதில் உண்பவனும் கள்ளனே. ஆனால் வறியோருக்காக அவன் கேட்டால் அவனைத் தீர்ப்பிடவேண்டாம் என்றும் நூல் நேர்மையுடன் சேர்த்துக்கொள்கிறது. இவையனைத்தும் எவரும் கண்ணால் கண்டு எண்ணிச் சொல்லத்தக்க செயல்கள். இரண்டு சபைகள் ஒரே மனிதனைக் குறித்து இவற்றைச் சொன்னால், அவற்றை ஒப்பிட்டுப் பார்க்க முடியும். ‘உள்ளம் நிறைந்தது’ என்ற சான்றை எதனோடு ஒப்பிடுவது?

இங்கே நம் காலத்து ஆராய்ச்சி ஒன்றைக் குறிப்பிடுதல் பொருந்தும். 1970இல் அமெரிக்காவில் மனநல மருத்துவரும் உளவியலாரும் கூடிய கருத்தரங்கு ஒன்றில் ‘டாக்டர் மைரன் ஃபாக்ஸ்’ என்பவர் சொற்பொழிவாற்றினார். அவர் உண்மையில் ஒரு நடிகர். பேசிய பொருளைப் பற்றி ஏதும் அறியாதவர். முன்னுக்குப்பின் முரணான சொற்களையும் பொருளற்ற தொடர்களையும் கலகலப்புடன் பேசுமாறு அவர் பயிற்றுவிக்கப்பட்டிருந்தார். கேட்டவர்களும், பின்னர் அதன் பதிவைக் கண்ட வேறு இரு குழுவினருமாக ஐம்பத்தைந்து பேரிடம் கருத்துக் கேட்கப்பட்டது. பெரும்பாலோர் நிறைவே தெரிவித்தனர். அவருடைய எழுத்துகளை முன்னரே படித்திருப்பதாகக்கூட ஒருவர் எழுதினார்! 1973இல் இது வெளியிடப்பட்டது. கற்றவரே இவ்வாறு மயங்கினர் என்றால், எளிய விசுவாசி ஒருவர் ‘ஆசீர்வாதமாயிருந்தது’ என்று எழுதுவதைப் பொய்யென்று நாம் சொல்லவில்லை. அது கேட்டவருடைய உள்ளத்தைப் பற்றிய உண்மை, கற்பித்தவருடைய அறிவைப் பற்றிய சான்று அன்று என்கிறோம்.

இதற்கு மறுபுறமும் உண்டு. 2019இல் ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர் வெளியிட்ட முடிவின்படி, இயற்பியல் மாணவருள் தாமே முயன்று கணக்குகளைத் தீர்க்கும் வகுப்பில் இருந்தோர் மிகுதியாகக் கற்றனர். ஆயினும் சரளமான சொற்பொழிவைக் கேட்டிருந்தோரைவிடக் குறைவாகக் கற்றதாகவே எண்ணினர். ஆகவே ‘கடினம்’, ‘சலிப்பு’, ‘ஒன்றும் விளங்கவில்லை’ என்ற குறைகள் சில வேளைகளில் நல்லாசிரியருக்கே வந்து சேரும். எபிரெய வினைச்சொற்களைக் கற்பிக்கும் எவரும் இதை அறிவர்; நாமும் அறிவோம்.

சான்றுகள் முரண்படுவதனாலேயே ஒருவர் ஐயத்திற்குரியவர் ஆவாரா? ஆகார். கொரிந்து சபையில் பவுலைப் பற்றி உலவிய பேச்சு இதற்குத் தக்க எடுத்துக்காட்டு (2 கொரி. 10:10). எழுத்தில் வலிமையுள்ளவர், நேரில் பலவீனர், பேச்சில் அற்பர் என ஒரே மனிதரைப் பற்றி இருவகைச் சொல் வழங்கிற்று. எழுத்தையும் நேர்முகத்தையும் தனித்தனியே நோக்கினால், இச்சொற்களுக்குள் முரண்பாடே இல்லை என்பது புலனாகும். நம் காலத்துக் கருத்துகளுள்ளும் பல இவ்வகையினவே. பொறுமையானவர் என்றவர் தொடக்க வகுப்பில் பத்துப் பேருள் ஒருவராய் இருந்திருக்கலாம். பதில் வருவதில்லை என்றவர் நூற்றுவர் சேர்ந்த பின்னர் வந்திருக்கலாம். எப்பொழுது, எந்தப் பாடத்தில், எத்தனை வகுப்புக் கேட்டபின் சொன்னார் என்று வினவாமல் இரண்டையும் கூட்டிக் கழித்து ‘சராசரி’ காண்பது பயனற்ற வேலை.

அப்பொல்லோவின் செய்தியும் (அப். 18:24-28) இதையே கற்பிக்கிறது. வேதாகமங்களில் வல்லவர், ஆனால் யோவானுடைய ஸ்நானத்தை மட்டும் அறிந்தவர். அவர் நம்பத்தக்கவரா என்று பொதுவாகக் கேட்டால் விடையில்லை. எதில் நம்பத்தக்கவர் என்று கேட்டால் விடையுண்டு. ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் பிறர் சொன்னதைக் கொண்டு முடிவு செய்யவில்லை. தாமே கேட்டனர், கேட்டபின் அவரைத் தனியே அழைத்து, குறைவானதை விளக்கினர். அவர் அதை ஏற்றுக்கொண்டார் என்பதைத் தொடர்ந்து நிகழ்ந்தவை காட்டுகின்றன. அதன் பின்னரே எபேசுவின் சகோதரர் அகாயாவுக்கு நிருபம் எழுதினர். அந்நிருபத்தின் மதிப்பு, அதை எழுதியோர் அகாயா சபைக்கு இன்னார் என்று தெரிந்தவராய், தம் சொல்லுக்குப் பொறுப்பேற்பவராய் இருந்ததில் அடங்கியது. பெயரற்ற நூறு புகழுரைகளைவிட அத்தகைய ஒரு நிருபம் பெரிது. புகழுரைகளை விலைக்கு எழுதித்தருவோரும் இன்று உளர். 2022 நவம்பரில் இந்திய அரசு இணையக் கருத்துரைகளைத் திரட்டி வெளியிடுவதற்கென ஐ.எஸ். 19000 என்னும் தரநிலையை வகுக்க நேர்ந்தது இதன்பொருட்டே.

குற்றச்சாட்டுகளை நிறுப்பதற்கு இன்னும் கடுமையான விதி நமக்கு உண்டு. மூப்பருக்கு விரோதமான குற்றச்சாட்டை இரண்டு மூன்று சாட்சிகள் இன்றி ஏற்கலாகாது என்று தீமோத்தேயுவுக்குக் கூறப்பட்டது (1 தீமோ. 5:19). அதன் வேர் உபாகமத்தில் உள்ளது (19:15-18); அங்கே நியாயாதிபதிகள் நன்றாய் விசாரிக்கவும் வேண்டும். நம் ஆண்டவருக்கு எதிராக எழும்பிய சாட்சிகள் ஒவ்வாமற்போயின என மாற்கு இருமுறை குறிக்கிறார் (14:56, 59). தேவாலயத்தைப் பற்றி அவர் சொன்ன சொல் ஒன்று உண்மையில் இருந்தது (யோவான் 2:19). அது வாய்மாறி வந்தபோது குற்றமாயிற்று. இரண்டு பேர் என்பது இரண்டு வாய் அன்று. ஒருவரிடம் கேட்ட இருவர் ஒரு சாட்சியே.

எதிரியின் சான்றையும் முற்றிலும் தள்ளவேண்டியதில்லை. கிரேக்க எழுத்தாளர் லூசியன், பெரெகிரினு என்பவன் பாலஸ்தீனத்துக் கிறிஸ்தவரிடையே போதகனாய் உயர்ந்து அவர்களுடைய ஈகையால் வாழ்ந்ததாக இரண்டாம் நூற்றாண்டில் எள்ளி எழுதினார். அவர் நையாண்டி செய்பவர், பெரெகிரினுவை வெறுத்தவர். ஆகவே அவருடைய தீர்ப்பை அப்படியே ஏற்க இயலாது. எனினும் சபையார் முன்பின் அறியாதவனுக்கும் தாராளமாய்க் கொடுத்தனர் என்னும் செய்தி, திதகேயின் எச்சரிக்கை ஏன் தேவைப்பட்டது என்பதை விளக்குகிறது.

இனி, பிறர் கருத்தை ஒதுக்கிவைத்து நாமே ஆராயத்தக்கவை சில. போதகர் பட்டம் தருவதாகச் சொல்கிறாரா என்று முதலில் காணவேண்டும். செராம்பூர் கல்லூரி 1827இல் தென்மார்க்கு அரசரிடம் பெற்ற சாசனத்தாலும் 1918ஆம் ஆண்டின் சட்டத்தாலும் இறையியல் பட்டம் வழங்கும் உரிமை பெற்றது. அதனோடு இணைந்த கல்லூரிகளின் பெயர்களை எவரும் கேட்டறியலாம். போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலைப் பல்கலைக்கழக மானியக்குழு வெளியிட்டு வருகிறது. ஆறு மாதத்தில் ‘டாக்டர்’ பட்டம் தருவோரைப் பற்றி அதற்குமேல் ஆராய வேண்டியதில்லை. மாறாக, பட்டம் ஏதும் தராமல் மொழியை மட்டும் கற்பிப்பவரிடம் அங்கீகாரம் இல்லை என்பது குற்றமாகாது.

அடுத்து, ஒரு மணி நேரமாவது அவருடைய பாடத்தைக் கேட்டு, சரிபார்க்கத்தக்க கூற்றுகள் இரண்டு மூன்றைக் குறித்துக்கொள்ளவேண்டும். ‘துனாமிஸ்’ என்ற கிரேக்கச் சொல்லைக் கண்டவுடன் பவுல் டைனமைட்டை எண்ணினார் என்று ஒருவர் முழங்கினால், அவ்வெடிமருந்துக்கு நோபெல் பெயரிட்டது 1867இல் என்பதை நினைக்கவேண்டும். ‘அகாப்பே’ என்பது தெய்வீக அன்பை மட்டுமே குறிக்கும் என்பார் மற்றொருவர். தேமா இப்பிரபஞ்சத்தின்மேல் ஆசைவைத்ததைக் குறிக்க (2 தீமோ. 4:10) அதே வினைச்சொல்லே வழங்குகிறது, தாமாரின்மேல் அம்னோன் கொண்ட இச்சைக்கும் எழுபதின்மர் மொழிபெயர்ப்பு அதனையே வழங்குகிறது. ஊசியின் காது எருசலேமின் சிறு வாயில் என்பதற்குப் பழங்காலச் சான்று இல்லை. இப்பிழைகள் நம் பிரசங்க பீடங்களிலும் ஒலிப்பவையே. நாமும் இளமையில் ‘டைனமைட்’ பிரசங்கம் செய்ததுண்டு. ஆதலால் பிழை ஒன்று கண்டவுடன் போதகரைத் தள்ளிவிடுவது முறையன்று. அதைப் பணிவுடன் எழுதிக் கேட்டு, அவர் என்ன செய்கிறார் என்று பார்ப்பதே முறை. திருத்திக்கொள்கிறாரா, ஆதாரம் காட்டுகிறாரா, கேட்டவரை அவிசுவாசி என்று ஏசுகிறாரா? பெரோயா பட்டணத்தார் அப்போஸ்தலன் சொன்னதையே நாள்தோறும் வேதவாக்கியங்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்தனர், அதற்காக அவர்கள் புகழவும்பட்டனர் (அப். 17:11).

இனி, நம் தவறுக்கு வருவோம். ஓராண்டுக்குப்பின் ஒரு திருமண வீட்டில் அந்த மருமகனையே சந்தித்தோம். அவர் இரண்டு வகுப்புக் கேட்டபின் வேலை கிடைத்து வெளியூர் சென்றவர். கட்டணத்தைத் திருப்பிக் கேட்டார். முதல் வகுப்புக்குப்பின் திருப்பித்தர இயலாது என்ற விதி முன்னரே எழுதப்பட்டிருந்தது. ‘ஏமாந்துபோனேன்’ என்று அவர் ஒருபோதும் சொல்லவில்லையாம். ‘பணம் போய்விட்டது’ என்றுதான் சொன்னாராம். மாமனாரின் வாயில் சொல் மாறிற்று. நம் காதில் அது தீர்ப்பாயிற்று. வீடு திரும்பியபின் அம்மையாரின் பழைய தாளை வாங்கிப் படித்தோம். குறை சொன்ன மூவருள் இருவர் கட்டணத்தைப் பற்றியே எழுதியிருந்தனர். நிறை சொன்னவருள் ஒருவர் மட்டும், வாரந்தோறும் பயிற்சித் தாள்கள் சிவப்பு மையில் திருத்தி அனுப்பப்பட்டன என்று எழுதியிருந்தார். பதினொன்றிலும் ஆசிரியர் செய்த செயலொன்றைக் குறிப்பாய்ச் சொன்னது அது ஒன்றே. அதைத்தான் நாம் விசாரித்திருக்கவேண்டும்.

அம்மையாரிடம் மன்னிப்புக் கேட்டோம். மாதிரி வகுப்பொன்றை அவருடன் அமர்ந்து நாமும் கேட்டோம். உயிர்க்குறிகளைப் பற்றி நாம் எழுதிக் கேட்ட ஐயத்திற்கு மூன்றாம் நாள் விடை வந்தது. தாம் கூறியதில் ஒரு பகுதி தவறு என்று ஆசிரியர் ஒப்புக்கொண்டிருந்தார். அம்மையார் சேர்ந்துவிட்டார். சென்ற மாதம் யோனாவின் முதல் அதிகாரத்தைத் தம் கையால் எபிரெயத்தில் எழுதிக் கொண்டுவந்து காட்டினார். ஏழு இடங்களில் சிவப்பு மை இருந்தது. எட்டாவது பிழை ஒன்றை நாம் கண்டு, அதையும் ஆசிரியருக்கு எழுதும்படி சொன்னோம்.