முள்ளும் இலக்கமும்: மின்னளவிகள் செயற்படும் விதம்

மின்னோட்டம் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. அதன் விளைவைக் கொண்டே அதனை அளக்கிறோம். முள் நகரும் அளவியில், நிலைக்காந்தத்தின் முனைகளுக்கிடையே மெல்லிய கம்பிச்சுருள் ஒன்று அமைந்துள்ளது. மின்னோட்டம் பாயும்போது சுருள் திரும்புகிறது. சுருள்வில் அதனை எதிர்க்கிறது. இரண்டும் சமமாகும் இடத்தில் முள் நிற்கிறது.

இச்சுருளே இருவகைப் பணிக்கும் உதவுகிறது. 100 ஓம் தடையும் 1 மில்லி ஆம்பியரில் முழு விலக்கமும் உடைய சுருளுடன் 9,900 ஓம் தடையைத் தொடராக இணைத்தால், அது 10 வோல்ட் வரை அளக்கும் வோல்ட்மீட்டர் ஆகிறது. மிகக் குறைந்த தடையைப் பக்க இணைப்பாகச் சேர்த்தால், மின்னோட்டத்தின் பெரும்பகுதி அவ்வழியே செல்ல, அம்மீட்டர் ஆகிறது.

இலக்கமுறை அளவியில் நகரும் உறுப்பு இல்லை. மின்னணுச் சுற்று, மின்னழுத்தத்தை நிலையான அழுத்தம் ஒன்றுடன் ஒப்பிட்டு எண்ணாக மாற்றுகிறது. மின்னோட்டத்தை அளக்க, தெரிந்த சிறு தடையின் முனைகளுக்கிடையே தோன்றும் அழுத்தத்தை அளக்கிறது. வோல்ட் அளக்கையில் இதன் உள்தடை பெரும்பாலும் 10 மெகா ஓம். எனவே, 10 வோல்ட்டில் மேற்கூறிய முள்ளளவி எடுக்கும் மின்னோட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கையே இது எடுக்கிறது. அளக்கப்படும் சுற்றின் நிலை ஏறக்குறைய மாறுவதில்லை.

இந்த நுண்மையே மயக்கத்திற்கும் இடமளிக்கிறது. இணைப்புத் துண்டிக்கப்பட்ட கம்பி, மின்சாரமுள்ள கம்பியை ஒட்டிச் சென்றால், அதிலும் பல வோல்ட் இருப்பதாக இவ்வளவி காட்டக்கூடும். இத்தகைய பொய் அளவுகளுக்குப் பழகிய பணியாளர், உண்மையான 230 வோல்ட்டையும் பொய்யெனக் கொண்டால் உயிருக்கே ஆபத்து. ஐயம் எழும்போது, அதற்கென அமைந்த குறைந்த உள்தடை அளவியால் மீண்டும் சோதித்தறிவதே முறை.