அச்சைத் தின்ன முடியுமா?

குழந்தைகளே! பைத்தான் மொழியில் விளையாட்டு எழுதிப் பார்த்திருக்கிறீர்களா? ஹாலந்து நாட்டின் கைடோ வான் ரோசம் 1991ல் வெளியிட்ட கணினி மொழி அது.

அதில் 'கிளாஸ்' என்பது முறுக்கு அச்சு மாதிரி. அச்சைத் தின்ன முடியுமா? மாவு போட்டுப் பிழிந்தால்தானே முறுக்கு! அப்படிக் கிளாஸிலிருந்து பிழிந்தெடுப்பதுதான் 'ஆப்ஜெக்ட்'.

'வீரன்' என்று ஒரு கிளாஸ் எழுதி, அதற்குள் 'குதி' என்ற கட்டளையையும் வைத்துவிட்டீர்கள். (பைத்தான் 3ல் பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம்!) பிறகு,

ராமு = வீரன்
ராமு.குதி()

என்று எழுதினால் என்ன ஆகும்? ராமு குதிக்க மாட்டான். 'டைப் எரர்' வரும். 'செல்ஃப்' இல்லை என்று சொல்லும். "குதி என்கிறாய், சரி. குதிப்பது யார்?" என்று பைத்தான் கேட்கிறது. நாம் அச்சுக்கு இன்னொரு பெயர் வைத்தோமே தவிர, முறுக்கு பிழியவில்லை!

முதல் வரியை இப்படி மாற்றுங்கள்:

ராமு = வீரன்()

அந்த அடைப்புக்குறிதான் பிழிகிற கை. இப்போது ராமு குதிப்பான்.

இன்னொன்று. இந்த வரியை விளையாட்டின் 'லூப்'புக்குள் எழுதாதீர்கள். ஒவ்வொரு சுற்றிலும் புது ராமு பிறந்து, தொடங்கிய இடத்திலேயே நிற்பான். லூப்புக்கு முன்பே எழுதிவிடுங்கள்.

ஓய்வு பெற்ற பிறகு பேரனிடம் இதைக் கற்றபோது, இந்த அடைப்புக்குறிக்காக ஒரு மாலை முழுவதும் திண்டாடினேன். பிழைச் செய்தியைப் படிக்காமலே மூடியதுதான் காரணம்!

நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். என்ன பிழை என்பது செய்தியின் கடைசி வரியில் இருக்கும். எந்த வரியில் என்பது அதற்கு மேலே இருக்கும். படித்துவிட்டுத் திருத்துங்கள். வெற்றி உங்களுக்கே!