தேயிலைக்கு மணம் தரும் காற்றும் கயாக் படகும்

ஊவா மாகாணத்துக்குக் கடற்கரை கிடையாது. பதுளையிலிருந்து நாங்கள் கடல் பார்க்கப் போவது பொத்துவிலுக்குத்தான். பசறை, மொனராகலை, சியம்பலாண்டுவ என்று இறங்கிக்கொண்டே போக வேண்டும். அங்கே சாச்சி வீட்டில் தங்கிய விடுமுறையில்தான் கயாக் படகை முதலில் கண்டேன்.

ஆர்க்டிக் பகுதியின் இனுயிட் மக்கள் சீல் வேட்டைக்காகச் செய்த படகு இது. சட்டத்தின்மேல் சீல் தோலை இழுத்துத் தைத்தார்கள். இப்போது பிளாஸ்டிக்கில் வருகிறது. கடலுக்கான கயாக் ஏறத்தாழ 5 மீற்றர் நீளம். அகலம் 60 சென்ரிமீற்றர்கூட இருக்காது. காலை நீட்டி உட்கார்ந்து, இரு முனையும் தட்டையான துடுப்பால் வலிக்க வேண்டும். கைதான் வலிக்கிறது என்று நினைப்போம். உண்மையில் இடுப்பைத் திருப்பித்தான் வலிக்கிறார்கள். 1932இல் ஜெர்மனியின் உல்ம் நகரிலிருந்து மடிப்புக் கயாக்கில் புறப்பட்ட ஒஸ்கார் ஸ்பெக், இலங்கையையும் தொட்டு, 1939இல் அவுஸ்திரேலிய எல்லைத் தீவொன்றை அடைந்தார். அதற்குள் உலகப்போர் தொடங்கிவிட்டதால், பாவம், அங்கேயே கைதானார்!

அறுகம்குடாவுக்குத் தெற்கே பாணமை, உகந்தை, அதன்பின் குமண வனம். அந்தக் கரையில் ஆளும் இல்லை, கடையும் இல்லை; யானை நிற்கும். அங்கே துடுப்பு வலிப்பவர் நம்பியிருக்க வேண்டியது தன் தோள்பலத்தை அல்ல, காற்றைப் பற்றிய அறிவை. அந்தக் காற்று நமக்குத் தெரிந்த காற்றுத்தான்.

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று தன் மழையை மலைநாட்டின் மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு, வறண்டு நம் பக்கம் இறங்குகிறது. ஓகஸ்ட்டில் ஊவாத் தேயிலைக்குத் தனி மணம் வருவது இதனால்தான். வாப்பாவின் கடைக்கு வரும் தோட்டத்து அக்காமாருக்கு இது புவியியல் பாடமல்ல. கொழுந்து குறைகிற காலம். அதே காற்று இன்னும் கீழிறங்கிப் பொத்துவிலில் கச்சான் ஆகிறது.

கச்சான் நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். அதனால் கரையோர நீர் அடங்கித் தெரியும். போகும்போது முதுகில் தள்ளும். நம் பலம் கூடிவிட்டது போலிருக்கும். திரும்பும்போது முகத்தில் அடிக்கும். அமைதியான நீரில் புதியவர் மணிக்கு 4, 5 கிலோமீற்றர் போகலாம், நடக்கும் வேகம். பலத்த எதிர்க்காற்றில் அது பாதியாகிவிடும். களைத்துத் துடுப்பை நிறுத்தினாலோ படகு கடல் பக்கமே போகும். ஆகவே அனுபவமுள்ளோர் விடியலில் புறப்பட்டு, கரையை ஒட்டியே, முதலில் காற்றை எதிர்த்துப் போய், களைத்தபின் காற்றோடு திரும்புகிறார்கள். மார்கழி, தை மாதங்களில் வாடைக்காற்றுக் கடலில் இறங்குவதே இல்லை.

பெற்றோர் பிள்ளையை அனுப்புமுன், “இன்று காற்று எந்தப் பக்கம்?” என்று படகுக்காரரிடம் கேட்டுப் பார்க்கலாம். உடனே பதில் வராவிட்டால் வீட்டுக்குத் திரும்பலாம். களப்பில் பழகுவது இலேசு. ஆனால் பொத்துவில் களப்பில் முதலையும் உண்டு, உள்ளூர் மீனவர் துணை வேண்டும். உயிர்காப்பு அங்கி உடலோடு இறுக்கமாக இருக்க வேண்டும். முழுக்கை நீச்சலுடை வெயிலுக்கு நல்லது. நனைந்தால் காலில் சுற்றும் நீள அங்கிதான் ஆகாது.

பெண்களுக்குக் கடல் எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அறுகம்குடாவில் 2018இலேயே பெண்கள் தமக்கென அலைச்சறுக்குக் கழகம் தொடங்கிவிட்டார்கள்.

உயர்தரப் பரீட்சை முடிந்ததும் போகலாமா என்று உம்மாவிடம் கேட்டேன். மறுக்கவில்லை. “முதலில் நீந்தப் பழகு” என்றார். இப்போது பெண்களுக்கான நீச்சல் வகுப்பொன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.